டூயல் ஃப்யூவல் எந்திரத்துக்குக் ‘கூட்டெரி எந்திரம்’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களே,

வாயுவையும் டீசலையும் சேர்த்தெரிக்கும் டூயல் ஃப்யூவல் எந்திரத்துக்குத் தமிழில் ‘இரட்டை எரிபொருள்’ என்றே பெயர் வைத்துவிடலாம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். கேட்டவுடன் புரியும் சொல்தான். ஆனால் அதை இங்கே செலவழித்துவிட்டால், அது உண்மையில் பொருந்தக்கூடிய எந்திரத்துக்குப் பெயர் இல்லாமல் போய்விடும்.

சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்ரோல் டேங்க், டிக்கியில் ஒரு காஸ் சிலிண்டர், டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும். எது எரிந்தாலும் பற்றவைப்பது ஸ்பார்க் பிளக்தான். இது பை-ஃப்யூவல். ‘ஈரெரிபொருள்’ என்பதை இதற்கு வைத்துக்கொள்வோம். இரு+உயிர் ஈருயிர் ஆவதுபோல இதுவும் இலக்கணத்துக்குச் சரி.

லாரியிலும் கப்பலிலும் ஜெனரேட்டரிலும் உள்ள டூயல் ஃப்யூவல் வேறு வகை. பெரும்பாலும் இயற்கை எரிவாயு காற்றோடு கலந்து சிலிண்டருக்குள் போகிறது, பிஸ்டன் அதை அமுக்குகிறது. ஆனால் அந்தச் சூட்டில் அது தானாகப் பற்றாது. அந்த வாயுவில் பெரும்பங்கு மீத்தேன்; சாதாரண அழுத்தத்தில் அது தானே பற்றிக்கொள்ள ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் வேண்டும். டீசலுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அதனால் அமுக்கம் முடியும் தறுவாயில் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். டீசல் தானே பற்றி, சுற்றியுள்ள வாயுவையும் பற்றவைக்கிறது. வார்ட்சிலா நிறுவனத்தின் பெரிய கப்பல் எந்திரங்களில் முழுச் சுமையில் இந்த டீசல் மொத்த எரிபொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. இருந்தாலும் அது இல்லாமல் எந்திரம் வாயுவில் ஓடாது. வாயு தீர்ந்தால் முழு டீசலுக்கு மாறிக்கொள்ளும். டீசல் தீர்ந்தால் நின்றுவிடும்.

ஆக, இரண்டும் ஒரே சிலிண்டரில், ஒரே வீச்சில், சேர்ந்து எரிவதுதான் இதன் உயிர்நாடி. எண்ணிக்கையைச் சொல்லும் சொல்லைவிட இந்தச் சேர்க்கையைச் சொல்லும் சொல்தான் வேண்டும். அதனால் என் பரிந்துரை: நிகழ்வுக்குக் ‘கூட்டெரிப்பு’, பொறிக்குக் ‘கூட்டெரி எந்திரம்’.

‘கலப்பெரிபொருள்’ என்று ஐயா ஒருவர் சொன்னதையும் யோசித்துப் பார்த்தேன். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத்தான் அது பொருந்தும். அங்கே கலப்பு பெட்ரோல் பங்குக்கு வருமுன்பே முடிந்து, ஒரே டேங்கில் வருகிறது. தவிர, வால்வோவின் எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) லாரிகளில் வாயுவும் முன்கூட்டியே கலப்பதில்லை. டீசல் பற்றியபின் சுமார் 300 பார் அழுத்தத்தில் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. ‘கலப்பு’ அங்கே பொய்யாகிவிடும், ‘கூட்டெரி’ நிற்கும்.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரியோடு உயிரிக்கழிவை எரிப்பதையும் கூட்டெரிப்பு என்றால் குழம்பாதா என்ற கேள்வி வரலாம். அங்கும் நடப்பது அதேதான். ஒரு சொல் இரண்டு இடத்துக்கும் உதவினால் நல்லதுதானே.

அப்புறம், பைலட் டீசல், அதாவது வாயுவைப் பற்றவைக்கப் பீய்ச்சும் அந்தக் கொஞ்ச டீசல். ‘முன்னோடி டீசல்’ என்று ஒரு கட்டுரையில் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. வாசிக்கிறவர் எதையோ சோதனை ஓட்டம் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார். அதன் வேலை பற்றவைப்பது. ‘பற்றவைப்பு டீசல்’ என்றே சொல்வோம். வொர்க்‌ஷாப்பில் யாரிடம் சொன்னாலும் புரியும்.

மீத்தேன் ஸ்லிப்புக்கு (மீத்தேன் எரியாமல் புகையோடு தப்புவதற்கு) ‘மீத்தேன் கசிவு’ என்று போடுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். கசிவு என்றால் குழாய் மூட்டில் ஒழுகுவது. இங்கே குழாயில் ஒரு குறையும் இல்லை. சுமை குறைவாக இருக்கும்போது வாயுக் கலவை நீர்த்துப்போகிறது, தீ முழுக்கப் பரவுவதில்லை. பிஸ்டன் வளையத்துக்கு மேலுள்ள இடுக்கில் சிக்கிய வாயுவும் தப்பிவிடுகிறது. எல்லாம் புகையோடு வெளியே போகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 28 மடங்கு வெப்பமேற்றும் பொருள் அது. மெக்கானிக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தால் பயனில்லை, பார்க்க வேண்டியது எரிப்பை. ‘எரியா மீத்தேன்’ என்றால் அது சொல்லிலேயே இருக்கிறது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக டீசல் பம்ப் வேலை தெரிந்தவர்கள்.