பிக்கப் வண்டிக்கு எண்ணெயும் பில்டரும்: பட்டறையில் நீங்கள் கண்டது என்ன?

செம்மண்சாலை, பெஸ்தாரி ஜெயா

சிறுதோட்டக்காரர்களுக்கு உரமூட்டை ஏற்றிச் செல்லும் என் 2.5 லிட்டர் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், பழைய 2கேடி டீசல் இஞ்சின். அதைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வழக்கமான பட்டறை பூட்டியிருந்ததால் பெரிய சாலையில் உள்ள வேறொன்றில் எண்ணெய் மாற்ற விட்டேன். பழையதை வடித்து முடித்ததும், பெயரோ எண்ணோ எழுதப்படாத ஒரு பீப்பாயிலிருந்து ஜக்கில் பிடித்து ஊற்ற வந்தார்கள். என்ன கிரேடு என்று கேட்டேன். பட்டறை முதலாளியான தவ்க்கே வாயால் பதில் சொல்லவில்லை. ஜக்கில் விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, என் முகத்துக்கு நேராக நீட்டினார். கெட்டியாக இருக்கிறது பார் என்றும், டீசலுக்கு எல்லாம் ‘சாமா சஜா’ (எல்லாம் ஒன்றுதான்) என்றும் பிறகுதான் சொன்னார். அந்த இரண்டு விரல்களை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. பில்டரோடு சேர்த்து 6.9 லிட்டர் குடிக்கும் இஞ்சினுக்குள் எதை ஊற்றுகிறோம் என்பதை விரலைத் தேய்த்தா முடிவு செய்வது? ஊற்ற வேண்டாம் என்று தடுத்து, எதிர்க்கடையில் 15டபிள்யூ-40 (கெட்டித்தன்மையின் குறியீடு), சிஐ-4 (டீசல் எண்ணெயின் தரக் குறியீடு) என்று தெளிவாக எழுதியிருந்த 7 லிட்டர் டின்னை வாங்கிவந்து என் கண்முன்னே ஊற்றச் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வந்து அளவுக் குச்சியை இழுத்துப் பார்த்தபோது, அந்தப் புதிய எண்ணெயும் கரியாகத்தான் இருந்தது. இப்படி உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

பழைய பட்டறைக்காரர், கோலசிலாங்கூர்

தம்பி, கறுத்துப்போனதற்காக அந்த டின்னைச் சந்தேகிக்க வேண்டாம். டீசல் எரியும்போது உண்டாகும் கரித்துகளைத் தன்னோடு கலந்து மிதக்க வைத்திருப்பதுதான் டீசல் எண்ணெயின் வேலை. புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்பும் இஜிஆர் உள்ள இஞ்சினில் அந்தக் கரி இன்னும் அதிகம். எவ்வளவு வடித்தாலும் உட்குழாய்களில் கொஞ்சம் பழைய எண்ணெய் தங்கும், அதுவே புதியதைக் கறுக்க வைத்துவிடும். பல மாதம் ஓடியும் தேன் நிறத்திலேயே இருக்கும் டீசல் எண்ணெயைக் கண்டால்தான் நான் கவலைப்படுவேன்.

விரல் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. 15டபிள்யூ-40-இல் உள்ள 40 என்ற எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எண்ணெயின் பிசுக்குமை, அதாவது கெட்டித்தன்மை, 12.5-க்குக் குறையாமலும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்கிறது. பட்டறை வாசலில் நின்றுகொண்டு அதை எந்த விரலாலும் அளக்க முடியாது.

தோட்டத்துப் பட்டறையில் நான் இருந்த காலத்தில் நடந்த ஒன்று உண்டு. புதிய ஆயில் பில்டரைப் பொருத்தி இஞ்சினை முடுக்கினார்கள். மூச்சு விடுவதற்குள் சிமெண்டுத் தரை முழுவதும் எண்ணெய் பரவிவிட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன். கழற்றிப் பார்த்தால், பழைய பில்டரின் ரப்பர் வளையம் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியது தன் வளையத்தோடு உட்கார்ந்திருந்தது. இரண்டு வளையங்களும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்; அழுத்தத்தைத் தாங்காது. கழற்றிய பில்டரில் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். சாலையில் ஓடும்போது இது நடந்திருந்தால் அந்த இஞ்சின் மிஞ்சியிருக்காது.

ஈஜோக் வாசகி

ஐயா சொன்னதைப் படித்ததும் என் அனுபவத்தை எழுதத் தோன்றியது. எங்கள் பிக்கப் ஐந்து சிலிண்டர், 3.2 லிட்டர். அந்த இஞ்சினில் எண்ணெயை வடித்தால் 10 நிமிடத்துக்குள் மீண்டும் நிரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயில் பம்ப் உறிஞ்சும் பிடியை இழந்துவிடும் என்பது அந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பட்டறையில் இதைச் சொல்லித்தான் விட்டேன். ஆனால் முழுவதும் சொட்டி முடியட்டும் என்று வடிகுழியைத் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் தேநீர் குடிக்கப் போய்விட்டார்கள். திரும்பி வந்து நிரப்பி முடுக்கியபோது சிவப்பு எண்ணெய் விளக்கு அணையவில்லை. சாவியைத் திருப்பி உடனே நிறுத்தினேன். “கொஞ்சம் வேகம் கொடுத்தால் அணைந்துவிடும், அக்கா” என்றார் அங்கிருந்த இளைஞர். நான் இடம் கொடுக்கவில்லை. வேறொரு மெக்கானிக் வந்து பம்பில் எண்ணெய் ஏற்றிய பிறகுதான் விளக்கு அணைந்தது. வேகம் கொடுத்திருந்தால் பேரிங்குகள் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

செம்பனைக்காரன், புக்கிட் ரோத்தான்

பழைய பட்டறைக்காரர் ஐயா மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் கறுப்பைப் பற்றி அவர் கூறியது முழுமையானதல்ல. கறுப்பு வேறு, தார் போன்ற கெட்டிக் கறுப்பு வேறு. பழைய காமன்ரெயில் டீசல்களில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இஞ்சின்கள்), டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால், எரிந்த வாயு நேராக எண்ணெய்க்குள் இறங்கும். கரி திரண்டு, எண்ணெய்த் தொட்டியின் அடியில் உள்ள உறிஞ்சு வலையை அடைத்துவிடும். செம்மண்சாலை நண்பர் நிறத்தோடு நிற்காமல், எண்ணெய் மூடியின் உட்புறத்தில் கெட்டியான படிவு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

என் சொந்த அனுபவம் சிறியது. ஏர் பில்டரைக் காற்றுக்குழாயால் ஊதி மாட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் பில்டருக்கு அப்பால் உள்ள ரப்பர்க் குழாயைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் செம்மண் ஒட்டியிருந்தது. பில்டரைத் தாண்டி, டர்போவுக்குப் போகும் வழியில் செம்மண்!

இங்கே எண்ணெயைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். செம்பனைத் தோட்டச் சாலையில் ஓடும் வண்டியை எண்ணெயை விட முன்னதாகக் கொல்வது தூசி. மண்ணில் உள்ள சிலிக்கா பிஸ்டன் வளையங்களை அரைத்துவிட்டால், எவ்வளவு விலையுள்ள எண்ணெயை ஊற்றினாலும் பயனில்லை. அழுத்தம் மிகுந்த காற்றை அருகில் வைத்து ஊதினால் பில்டர்த் தாள் கிழியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் விழும். விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் தூக்கி எறியுங்கள். பில்டர் பெட்டியின் விளிம்பு ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். எண்ணெய் பூசிய பருத்தி பில்டர்களைப் பரிந்துரைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் சாலைகளுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அதிகமாகப் பூசினால் அந்த எண்ணெய் காற்றளவு சென்சாரில் படிந்து வேறு தொல்லை தரும்.

அடுத்தது டீசல் பில்டர். நம் பம்புகளில் கிடைக்கும் டீசலில் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. பி10 என்றால் அதில் 10 விழுக்காடு. அது சாதாரண டீசலை விட அதிகமாக ஈரத்தைப் பிடிக்கும், பழைய தொட்டியில் ஒட்டியிருக்கும் கசடையும் கரைத்து எடுத்துவந்து பில்டரை அடைக்கும். பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்கும் பழக்கம் வேண்டும், குறிப்பாகத் தோட்டத்துப் பீப்பாயில் சேமித்த டீசலை ஊற்றுபவர்களுக்கு. எண்ணெய் மாற்ற 10,000 கிலோமீட்டர் என்று கையேட்டில் படித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பெரும்பாலான கையேடுகளில் தூசி, பாரம், குறுந்தூர ஓட்டம் ஆகியவற்றுக்கென்று கடினப் பயன்பாட்டு அட்டவணை ஒன்று தனியாக இருக்கும். நம்முடையது அந்த அட்டவணைதான். நான் 5,000-இல் மாற்றுகிறேன்.

இன்னொன்று. சிஐ-4 என்பது 2002-இல் வந்த தரம். சிகே-4 2016-இன் இறுதியில் வந்தது, பழைய இஞ்சின்களுக்கும் ஊற்றலாம். சிஎஃப் என்று மட்டும் எழுதிய மலிவு டின்கள் இன்னும் கடைகளில் நிற்கின்றன. அது 1994-இன் தரம், வாங்காதீர்கள். டிபிஎஃப், அதாவது புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் பில்டர், உள்ள புதிய வண்டி என்றால் கதை வேறு. சாம்பல் குறைவாக விடும் எண்ணெயைத்தான் கையேடு கேட்கும். அங்கே 15டபிள்யூ-40 நல்லது என்ற பழைய நம்பிக்கையை ஒதுக்கி வையுங்கள்.

ராசாத்தி, தஞ்சோங் காராங்

அண்ணன் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. எழுத்து சரியாக இருந்தால் மட்டும் போதாது. என் தம்பி இணையத்தில் மலிவாக வாங்கிய டின்னில் எழுத்தெல்லாம் சரியாகவே இருந்தது. மூடியைத் திருகியபோது ‘டக்’ என்று உடைய வேண்டிய வளையம் உடையவில்லை, அது முன்பே உடைந்திருந்தது. அந்தச் சத்தம் வராதபோது வயிற்றில் விழுந்த குளிர்ச்சி எனக்கு மறக்கவில்லை. ஊற்றாமல் திருப்பி அனுப்பினோம். போலிப் பொருள்களுக்கு எதிராக 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுக்கலாம். ரசீதையும் டின்னையும் வைத்திருங்கள்.

பழைய பட்டறைக்காரர், கோலசிலாங்கூர்

செம்பனைக்காரருக்கு: தார் போன்ற படிவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஊதுவதைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். காற்று வரும் திசைக்கு எதிராக, உள்ளிருந்து வெளியே, தள்ளி நின்று மெதுவாக ஊதினால் தாள் கிழியாது. தோட்டப் பட்டறையில் அப்படித்தான் செய்தோம். வெளியிலிருந்து உள்ளே ஊதுபவர்களால்தான் தூசி தாளுக்குள் புகுகிறது.

ஈஜோக் சகோதரிக்கு: அடுத்த முறை எல்லாவற்றையும் முன்பே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புதிய எண்ணெய், பில்டர், வடிகுழி வாஷர் மூன்றும் பக்கத்தில் இருந்த பிறகே திருகைக் கழற்ற வேண்டும். எண்ணெய் சூடாக இருக்கும்போதே வடித்தால் சில நிமிடத்தில் இறங்கிவிடும், கடைசிச் சொட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிரப்பிய பின்பு விளக்கு அணையாவிட்டால் நீங்கள் செய்தது போலவே சாவியைத் திருப்பி நிறுத்திவிடுங்கள். அருகில் நிற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் வேகம் கொடுக்க விடாதீர்கள்.