கழுகுமலைக் கல்வெட்டுப் படங்கள்: சாக்பீஸ் வேண்டாம், டார்ச் போதும்

உறவுகளுக்கு வணக்கம்.

லீவில் கழுகுமலைக்கு வந்தவர்கள் அனுப்பிய படங்களில், பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களுக்குக் கீழே எழுத்தெல்லாம் வெள்ளைவெளேரென்று தெரிகிறது. யாரோ சாக்பீஸ் தேய்த்திருக்கிறார்கள். அந்தப் படம் வாசிக்க உதவாது.

அங்கே இருப்பது பாண்டியர் கால வட்டெழுத்து, அதாவது வளைகோடுகளாலான பழைய தமிழ் எழுத்துமுறை. சுமார் நூறு கல்வெட்டுகள். பெரும்பாலும் 'இந்தத் திருமேனியை இன்னார் செய்வித்தார்' என்பதுதான் செய்தி. குரத்திகள், அதாவது பெண் ஆசிரியர்கள், பேரும் வரும். வட்டெழுத்தில் ப, வ இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சாயல். சாக்பீஸ் பிடிப்பவர் தனக்குத் தெரிந்த கோட்டைத்தான் இழுப்பார், பாறை பொரிந்து உதிர்ந்த பள்ளத்தையும் எழுத்தென்று சேர்த்து. ஊர்ப் பேரே மாறிப்போகும். பொடியும் மழையில் கரைந்து பாறையின் நுண்துளைகளில் வெள்ளையாகப் படியும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒருவர் கறுப்புக் குடையால் வெயிலை மறைக்கட்டும். பகல் வெளிச்சத்தில் டார்ச் எடுபடாது. கேமராவைப் பாறைக்கு நேராக, அசையாமல் நிறுத்துங்கள். ஃபிளாஷ் அணைத்திருக்கட்டும். டார்ச்சைப் பாறையை உரசுகிற மாதிரி, 10 முதல் 15 பாகைச் சாய்வில், ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். ஒரு பக்கத்தோடு நிறுத்தாதீர்கள்: வெளிச்சம் வரும் திசைக்கு இணையாக ஓடும் கீற்று நிழல் விழாமல் மறைந்துவிடும். வட்டெழுத்தோ முழுக்க வளைவு! இடம், வலம், மேல், கீழ் என நாலு படம் எடுத்தால்தான் ஓர் எழுத்து முழுசாகக் கிடைக்கும். 10 செ.மீ. அளவுகோலைப் பக்கத்தில் பிடியுங்கள், ஒட்ட வேண்டாம்.

எண்ணெய் பூசினால் பளிச்சென்று இருக்குமே என்று கேட்ட அண்ணாச்சிக்கு: அன்றைக்கு இருக்கும். பிறகு தூசி ஒட்டிக் கறுத்துப் பிசினாகும். அதைச் சுரண்ட யாராவது கம்பி பிரஷ் எடுப்பார்கள். பாறையின் மேல்தோலோடு எழுத்தும் போகும். எண்ணெயைவிட பிரஷ்தான் எனக்குப் பயம்.

மைப்படி, அதாவது கல்வெட்டைத் தாளில் மையால் பதித்து எடுக்கும் படி, எடுக்கும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஈரத்தாளை பிரஷால் அடித்துப் பதித்து, தாள் பக்குவமாக உலர்ந்த பிறகே மை ஒற்ற வேண்டும். அவசரப்பட்டால் மை ஊறிப் பாறையில் இறங்கும். அந்தச் சிற்பப் பாறை மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடம். கேமரா ஸ்டாண்டு கொண்டுபோகவும் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சுருக்காமல் மூலக் கோப்பாகவே அனுப்புங்கள். எந்த வரிசை, இடமிருந்து எத்தனையாவது உருவம் என்பதைக் கோப்பின் பேரிலேயே எழுதிவிட்டால், இந்தக் கல்வெட்டுகளின் வாசகம் அச்சான 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நூல்வரிசையின் 5ஆம் தொகுதியோடு ஒப்பிட வசதி.