வீட்டில் படம் அச்சிட எந்த கலர் புரொஃபைல்? எஸ்ஆர்ஜிபி போதுமா?

முகில்:
மகளின் முகம் திரையில் இயல்பாக இருக்கிறது. தாளில் வந்தால் வெயிலில் கன்றியதுபோல் சிவந்துவிடுகிறது, படம் முழுவதும் இருண்டும் போகிறது. படம் எஸ்ஆர்ஜிபியில் இல்லை, அதைவிட அதிக நிறங்களை அடக்கும் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் இருக்கிறது. அச்சிடும்போது மென்பொருளில் என் பளபளப்புத் தாளுக்குரிய ஐசிசி புரொஃபைலை (அந்தத் தாளில் பிரிண்டரின் மை நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் கோப்பு) தேர்ந்தெடுத்தேன். கணினியிலிருந்து பிரிண்டரை இயக்கும் டிரைவரில் எதையும் தொடவில்லை. எட்டுத் தாள் வீண். பேசாமல் எஸ்ஆர்ஜிபிக்கு மாறிவிடலாமா?

கதிரவன்:
மாறிவிடுங்கள். 1996-இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபியைக் கொண்டுவந்ததே, எல்லாக் கருவிகளும் ஒரே நிறத்தைப் பேச வேண்டும் என்பதற்காகத்தான். படத்தை எஸ்ஆர்ஜிபியில் கொடுங்கள், டிரைவரில் சரியான தாள் வகையைச் சொல்லுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். தன் மை எப்படிப் படியும் என்று பிரிண்டர் செய்தவருக்குத் தெரியாததா? தோலின் நிறங்கள் எல்லாம் எஸ்ஆர்ஜிபிக்குள் தாராளமாக அடங்கும். தேர்வுகள் கூடக்கூடத் தவறுகளும் கூடும். வீட்டில் அச்சிடுபவரை ஐசிசி புரொஃபைல் பக்கம் அனுப்புவது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை.

இளவேனில்:
நோய் ஒன்று, மருந்து வேறு. முகில், நீங்கள் எஸ்ஆர்ஜிபிக்கு மாறினாலும் அந்தச் சிவப்பு போகாது. உங்கள் மென்பொருள் படத்தை அந்தத் தாளுக்கு ஏற்ப ஒருமுறை மாற்றிவிட்டது. டிரைவருக்கு அது தெரியாது. அதுவும் தன் பங்குக்கு இன்னொருமுறை திருத்துகிறது. இப்படி இரட்டைத் திருத்தம் நடக்கும்போது முகம் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) பக்கம் சாய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிரைவரில் நிறத் திருத்தத்தை முழுதும் அணைத்துவிடுங்கள். நிறத்தைக் கவனிப்பது மென்பொருளா டிரைவரா, யாராவது ஒருவர்தான். ஆனால் தாள் வகையை மட்டும் டிரைவரில் கட்டாயம் சொல்ல வேண்டும். எவ்வளவு மை கொட்டுவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

கதிரவன், தோல் நிறம் அடங்கும் என்பது உண்மை. ஒரு மீன்கொத்தியின் முதுகை அச்சிட்டுப் பாருங்கள். அந்த நீலப்பச்சையின் ஒரு பகுதி எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே இருக்கிறது. நல்ல இங்க்ஜெட் பிரிண்டரின் சயன் மை அதை எட்டும். படத்தை முதலிலேயே எஸ்ஆர்ஜிபியில் நறுக்கிவிட்டால், மை இருந்தும் நிறம் வராது. இறகின் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெறும் நீலப் பட்டையாகிவிடும்.

கதிரவன்:
இரட்டைத் திருத்தம் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் நம்பும் அந்தத் தாள் புரொஃபைல் ஒரே ஒரு சேர்க்கைக்கு மட்டும் பொருந்துவது. குறிப்பிட்ட பிரிண்டர், குறிப்பிட்ட மை, குறிப்பிட்ட தாள். வேறு நிறுவன மையை நிரப்பி ஓட்டுகிறவர்களுக்கு அதனால் என்ன பயன்?

இளவேனில்:
மை மாறினால் டிரைவருக்குள் இருக்கும் கணக்கும் அதே அளவுக்குத்தான் பொய்யாகிறது! உங்கள் வழியையும் அது சேர்த்தே கெடுக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரே தீர்வு, நிறக்கட்டங்களைத் தங்கள் பிரிண்டரில் அச்சிட்டு, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற நிறமளக்கும் கருவியால் அளந்து, தங்களுக்கென ஒரு புரொஃபைல் செய்துகொள்வதுதான். அந்த நிறக்கட்டங்களை அச்சிடும்போதும் நிறத் திருத்தம் எங்கும் இருக்கக் கூடாது.

தேன்மொழி:
படம் இருண்டு வருவதை யாரும் கவனிக்கவில்லையே. அது புரொஃபைலின் குற்றம் அல்ல, மானிட்டர் வெளிச்சம். புது மானிட்டர்கள் கண்ணைக் கூசவைக்கும் அளவில் வருகின்றன. அச்சுக்கு வேலை செய்பவர்கள் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா என்ற வெளிச்ச அளவுக்குள் வைத்துக்கொள்வார்கள். அளக்கக் கருவி இல்லையென்றால், நல்ல வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடியுங்கள். திரையின் வெள்ளை விளக்குப்போல் எரியாமல் அந்தத் தாளோடு ஒத்துப்போகும் வரை குறையுங்கள். அச்சு வந்த உடனே தீர்ப்பு சொல்லாதீர்கள். மை நன்றாகக் காய்ந்தபின் பாருங்கள். நான் மறுநாள் காலைதான் பார்ப்பேன்.

கதிரவன்:
இது நல்ல யோசனை. மானிட்டர் ஒழுங்காக இல்லாமல் சாஃப்ட் புரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்ற முன்னோட்டத்தைத் திரையில் பார்ப்பதும் ஊகம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகில்:
இரண்டு நாள் கழித்து வருகிறேன். டிரைவரில் திருத்தத்தை அணைத்தேன், சிவப்பு அடியோடு போய்விட்டது. திரை வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்து, அதைப் பார்த்துப் படத்தைக் கொஞ்சம் வெளிறச் செய்தேன். இப்போது கண்ணுக்குக் கீழே இருக்கும் மெல்லிய நிழல்கூடத் தாளில் தெரிகிறது. பிறகு கதிரவன் சொன்னபடி எஸ்ஆர்ஜிபியாக்கி, நிறத்தை டிரைவரிடமே விட்டும் ஒன்று அச்சிட்டேன். இரண்டையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். முகத்தில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் போட்டிருந்த மயில்நீலச் சட்டை மட்டும் இரண்டாவதில் மடிப்புகள் மங்கி, தட்டையாக இருக்கிறது.

கதிரவன்:
முகத்துக்காகத்தானே எட்டுத் தாள் போனது? குடும்பப் படங்களுக்கு என் கருத்து மாறவில்லை.

இளவேனில்:
அந்தச் சட்டைக்காகத்தான் நானும் வாதாடுகிறேன். தாள் புரொஃபைலோடு அச்சிடும்போது ரெண்டரிங் இன்டென்ட்டை (தாளுக்கு எட்டாத நிறங்களை எப்படிப் பொருத்துவது என்ற தேர்வு) ஒருமுறை ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்கிலும் ஒருமுறை பெர்செப்சுவலிலும் வைத்துச் சட்டையை மட்டும் சிறு துண்டாக அச்சிட்டுப் பாருங்கள். மடிப்புகள் எதில் நன்றாகப் பிரிகின்றனவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் தாள், புரொஃபைல், இன்டென்ட் மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். டிரைவரை மறுபடி நிறுவ நேர்ந்தால், அணைத்துவைத்த திருத்தம் தானாக மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.