தோற்றம் என்ன போடுவது?

குழு: ஆத்தா வீட்டுப் பிள்ளைகள்

அண்ணன்: அப்பத்தா வருஷ திதிக்குப் பிளக்ஸ் கொடுத்துவிட்டேன். சுங்குடிச் சேலை கட்டி, திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் படம்தான். கடைக்காரர் தோற்றம், மறைவு இரண்டும் கேட்கிறார். மறைவு எழுதிவிட்டேன். தோற்றம்?

அப்பா: ஆதாரில் இருப்பதைப் போடு.

அண்ணன்: ஆதாரில் 01-01-1950, சித்தப்பா.

சின்ன அத்தை: அப்படியென்றால் பெரியண்ணனைப் பெற்றபோது ஆத்தாவுக்கு வயது 14!

பெரியப்பா: டிசிப்படி எனக்குப் பிறந்த வருஷம் 1962. அந்தக் கணக்கில் 12 😂

அப்பா: முகாமில் பதிந்த பையன் வயது கேட்டான். ஆத்தா "அறுவது இருக்கும்ப்பா" என்றது. தேதி தெரியாதவர்களுக்கு எல்லாம் ஜனவரி 1 விழும். எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலம்மாவுக்கும் அதே பிறந்தநாள்தான்.

அண்ணன்: வாக்காளர் அட்டைக் கணக்குப்படி 1936 வருகிறது.

அப்பா: அது முதியோர் பென்ஷனுக்காக யாரோ ஏற்றிவிட்ட வயது.

துபாய் சித்தப்பா: 36, 50. நடுவில் 43 போட்டு முடிடா. வேலை நேரம்.

பெரியப்பா: அப்படிக் குத்துமதிப்பாகப் போட வேண்டாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அடித்துப் போன புயல் அன்று நான் கைப்பிள்ளை. நம் ஊரில் ஒரு கூரை மிச்சமில்லை. நெல் தீர்ந்து காலியாக இருந்த குலுக்கைக்குள் பழஞ்சேலையை விரித்து என்னை இறக்கிவிட்டு, ஆத்தா அதைக் கட்டிப்பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்ததாம். டிசி சொல்வதுபோல் 62ல் பிறந்திருந்தால் அப்போது எனக்கு இரண்டரை வயது. இரண்டரை வயதுப் பயல் குலுக்கைக்குள் ராத்திரி முழுக்கப் படுத்திருப்பானா? கத்தித் தீர்த்திருப்பான். 64தான் சரி. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்டேன் என்று வாத்தியார் இரண்டு வயதைக் கூட்டி எழுதிக்கொண்டார். அதனால் எனக்கு இரண்டு வருஷச் சம்பளம் போனது. அது வேறு கதை.

சின்ன அத்தை: அந்தக் கதையைத்தான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கேட்கிறோமே அண்ணே.

நான்: பெரியப்பா பிறந்தது 64. அப்பத்தாவுக்குக் கல்யாணம் எப்போது?

பரமக்குடி அத்தை: மொய் நோட்டு என்னிடம் இருக்கிறது. ஆத்தா டிரங்குப் பெட்டியில் அடிச்சேலைக்கும் கீழே கிடந்தது. இருங்கள், கண்ணாடி எடுத்து வருகிறேன்.

பரமக்குடி அத்தை: 📷

பரமக்குடி அத்தை: மேலே "சார்வரி வருஷம் ஆவணி மாதம்" என்று இருக்கிறது. ஒரு ரூபாய்தான் நிறைய. தாய்மாமன் பதினோரு ரூபாய். ஒருவர் ரெண்டு மரக்கால் நெல்.

பெரியப்பா: சார்வரி என்றால் 1960. அறுபது வருஷம் சுற்றி, கொரோனா வந்த 2020ல் மறுபடி சார்வரி வந்ததே.

சின்ன அத்தை: 60 ஆவணியில் கல்யாணம். பெரியண்ணன் 64ல். நடுவில் நான்கு வருஷம் சும்மாவா இருந்தார்கள்? அந்தக் காலத்தில் அவ்வளவு பொறுமையாக விடமாட்டார்களே.

பரமக்குடி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா: என்னக்கா அழித்துவிட்டாய்?

பரமக்குடி அத்தை: சரி, சொல்கிறேன். அண்ணனுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை. ஒன்றரை வயது வரை இருந்தது. வாந்திபேதி. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி கட்டுவதற்குள் முடிந்துவிட்டது. ஆத்தா ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னது, என் முதல் பிரசவத்துக்குப் போயிருந்தபோது. அந்தப் பிள்ளைக்கு வைத்த பேரைத்தான் எனக்கு வைத்தார்கள்.

துபாய் சித்தப்பா: இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை அக்கா.

பரமக்குடி அத்தை: நீ கடைக்குட்டி. உன்னிடம் யார் சொல்வார்கள்?

அப்பா: 2011ல் நானே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனேன். நம் தெருவுக்கு வேறு வாத்தியார் வந்தார். ஆத்தா அவரிடம் ஆறு பிள்ளை என்றது. நான் பக்கத்தில் நின்று, வயதாகிவிட்டது சார், ஐந்துதான் என்று திருத்தினேன். அந்தப் படிவத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் எத்தனை, மொத்தம் பெற்றது எத்தனை என்று இரண்டு கேள்வி தனித்தனியாக உண்டு. நானே ஊரெல்லாம் கேட்டு எழுதியவன்.

சின்ன அத்தை: ரேஷன் கார்டு எழுத வந்தபோதும் ஆறு என்றது. நாம் சிரித்தோம்.

பெரியப்பா: ம்.

அண்ணன்: கடைக்காரர் மறுபடி கூப்பிடுகிறார். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டுமாம்.

நான்: அப்பத்தா என்னிடம் காந்தி செத்த கதை சொல்லியிருக்கிறது. சேதி வந்த அன்று வீட்டில் அடுப்பு பற்ற வைக்கவில்லையாம். பெரியவர்கள் எல்லாம் சாவடியில் உட்கார்ந்திருக்க, இது பசி தாங்காமல் பனங்கிழங்கைப் பச்சையாகக் கடித்து, நார் தொண்டையில் மாட்டி, முதுகில் அடி வாங்கியதாம். காந்திக்காக அழுதேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள் என்று சொல்லிச் சிரிக்கும்.

பெரியப்பா: சரியாக வருகிறது. 1948 ஜனவரி 30 என்றால் தை மாதம். கிழங்கு பிடுங்கும் காலம்தான். வயது ஏதாவது சொன்னதா?

நான்: "மாசி வந்தா எனக்கு அஞ்சு முடியும்" என்றது.

பரமக்குடி அத்தை: ஆமாம், குலசாமி கோயில் மாசிக் களரித் திருவிழா முடிந்த மறுநாள் பிறந்தேன் என்று சொல்லும். மிளகாய்ப் பழம் பறிக்கிற நேரம். அவங்க ஆத்தா காட்டிலிருந்து வந்து பெற்றுப்போட்டுவிட்டு, எட்டாம் நாள் மறுபடி பழம் பறிக்கப் போனதாம்.

பெரியப்பா: 48 மாசியில் ஐந்து என்றால் 43 மாசி. சித்திரபானு வருஷம். கல்யாணத்தின்போது பதினேழரை. பொருந்துகிறது.

துபாய் சித்தப்பா: 43! நான் அப்போதே சொன்னேன்.

சின்ன அத்தை: நீ கூட்டி ரெண்டால் வகுத்தாய். பேசாமல் வேலையைப் பார்.

நான்: அத்தை மிளகாய் என்றதும் நினைவு வருகிறது. களத்தில் காயும் வத்தலில் ஒன்றை எடுத்துக் காதோரம் குலுக்கும். விதை கலகலவென்று சத்தம் போட்டால்தான் அள்ளச் சொல்லும். சண்டு வத்தலை, அதாவது சொத்தையை, ஒதுக்கும்போது எங்களைப் பக்கத்தில் விடாது. வேலை முடிந்து கையில் நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டுக் கழுவி, தன் கண்ணிமையிலே விரலை வைத்துப் பார்க்கும். எரியவில்லை என்றால்தான் தம்பியைத் தூக்கும்.

அப்பா: முண்டு வத்தலுக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று பேப்பரில் படித்துக் காட்டினேன். "அதனால கிலோவுக்கு எவ்வளவு ஏறும்?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை.

அண்ணன்: முடிவாகச் சொல்லுங்கள். தோற்றம்: சித்திரபானு வருஷம், மாசி. இப்படியே அடிக்கச் சொல்லவா? தேதி இல்லாமல் அடித்தால் நன்றாக இருக்காது என்கிறார்.

பெரியப்பா: நன்றாக இல்லாவிட்டால் பரவாயில்லை. அப்படியே அடிக்கச் சொல். ஆங்கில வருஷம் வேண்டாம்.

பரமக்குடி அத்தை: அப்புறம், படையலுக்கு என்னென்ன என்று யாரும் பேசவில்லையே. ஆத்தாவுக்குக் கருவாட்டுக் குழம்பு வேண்டும். தனியாக ஒரு இலை சின்னதாகப் போட்டு, அதில் பாலும் பழமும் வைக்கிறேன். ஏன் என்று ஐயரிடமும் பங்காளிகளிடமும் யாரும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெரியப்பா: வை தாயி.

சின்ன அத்தை: கருவாடு நான் வாங்கி வருகிறேன். பாம்பன் நெத்திலி. வத்தல் யார்?

அப்பா: சந்தையில் நான் வாங்குகிறேன். ரெண்டு கிலோ போதுமா?

பரமக்குடி அத்தை: மூன்றாக வாங்கு தம்பி, ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்ப. குலுக்கிப் பார்த்து வாங்கு, போன முறை பாதி ஈரம்.