புதுப்பிப்பு: ஸ்பிரே பெயின்ட் வேலையும் விந்தணுக் குறைவும்

தின்னர் வாடையிலேயே வேலை செய்வதால் விந்தணு குறையுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீங்க, மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாருங்க" என்ற யோசனைதான் கைகொடுத்தது. விந்தணு உருவாகவே ஏறக்குறைய 74 நாள் பிடிக்கும். அதற்குள் பார்த்தால் பழைய பாதிப்புதான் தெரியும். இடையில் கிளைக்கால் ஈதர் (விந்தணுவைப் பாதிக்கக்கூடிய ஒரு வகைக் கரைப்பான்) கலந்த தின்னரை மாற்றினோம். அந்த ஈதர் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், மாஸ்க் மட்டும் போதாது, கையுறை கட்டாயம்.

விந்தணு எண்ணிக்கை முதலில் மில்லிலிட்டருக்கு 9 மில்லியன், இப்போது 21. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கீழ்வரம்பு 16.

எதிர்பாராதது: விந்தணுவைப் பாதிக்கும் ஈயமும் ரத்தத்தில் கூடுதல். பழைய பெயின்ட்டைச் சுரண்டும் தூசியாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். அசையும் விந்தணுக்களின் அளவு, அதே நிறுவனம் சொன்ன கீழ்வரம்பான 42 சதவீதத்தை இன்னும் தொடவில்லை. ஈயம் இறங்கியதும் மறுபடி டெஸ்ட்.