மகளுக்குக் கவனம் சிதறுவது ஏடிஹெச்டியாலா, பதற்றத்தாலா? எங்கே முதலில் போவது?

ஈசூன்_அம்மா:
வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். போன வாரம் பள்ளி ஆலோசகர் கூப்பிட்டுப் பேசினார். வகுப்பில் சத்தமில்லாமல்தான் உட்கார்ந்திருக்கிறாளாம், ஆனால் பாதிப் பாடத்துக்கு மேல் மனம் எங்கோ போய்விடுகிறது, கொடுத்த வேலை எதையும் நேரத்துக்கு முடிப்பதில்லை, கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் வரும் ஏடிஹெச்டி என்ற கோளாறு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்றார். ஆனால் வீட்டில் நான் பார்ப்பது வேறு. சோதனைக்கு முந்தின இரவு வயிறு வலிக்கிறது என்பாள், தூங்கமாட்டாள், "ஃபெயிலானால் என்ன ஆகும்மா" என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். எனக்கு இது பயமாகத்தான் தெரிகிறது. மாமியார் எல்லாம் கைப்பேசியால் வந்தது என்கிறார். கணவருக்கோ இதெல்லாம் பதிவில் ஏறிவிட்டால் நாளைக்கு வேலை கிடைக்காதே என்ற கவலை. இரண்டும் சேர்ந்தே வருமா? மருந்து கொடுத்தால் பதற்றம் கூடிவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ரொம்பக் குழப்பமாக இருக்கிறது.

பொங்கோல்_குமரன்:
சகோதரி, நான் உளவியல் படித்து இளையர்களோடு வேலை செய்கிறவன், மருத்துவர் அல்ல, அதனால் உங்கள் மகளுக்கு இதுதான் என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்களும் ஆலோசகரும் சொல்வது இரண்டுமே சரியாக இருக்கலாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் கவனம் செலுத்த முடியாமை ஏடிஹெச்டி பட்டியலிலும் இருக்கிறது, பொதுவான பதற்றக் கோளாறின் பட்டியலிலும் இருக்கிறது. மனத்துக்குள் கவலை ஓடிக்கொண்டே இருந்தால் ஆசிரியர் சொல்வதைப் பிடித்துவைக்க மனத்தில் இடம் மிஞ்சாது, வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பிரித்துப் பார்க்க உதவும் முக்கியமான கேள்வி, இது எப்போது ஆரம்பித்தது என்பதுதான். ஏடிஹெச்டி என்று முடிவு செய்ய 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், அதுவும் பள்ளி, வீடு என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். 2013க்கு முன்னால் அந்த வரம்பு 7 வயதாக இருந்தது. நெருக்கடி இல்லாத பள்ளி விடுமுறையிலும் பொருளைத் தொலைப்பது, பாதியில் விடுவது, சொன்னதை மறப்பது தொடர்ந்தால் ஏடிஹெச்டி பக்கம் யோசிக்கலாம். சோதனைக் காலத்தில் மட்டும் மோசமாகி, பயம் தணிந்ததும் கவனம் திரும்புகிறது என்றால் பதற்றத்தை முதலில் பார்ப்பார்கள். சில பிள்ளைகளுக்கு ஏடிஹெச்டியால் வேலை முடியாமல் திட்டு வாங்கி வாங்கி, அதன்மேல் பதற்றம் வளர்ந்திருக்கும். அங்கே பதற்றத்துக்கு மட்டும் வைத்தியம் செய்தால் பாதிப் பிரச்சினை அப்படியே நிற்கும்.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் 7 முதல் 9 வயது வரை ஏடிஹெச்டி உள்ள 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்த எம்டிஏ ஆய்வின் முடிவு 1999ல் வந்தது. பொதுவாகப் பார்த்தால், கவனக்குறைவுக்கு நடத்தைப் பயிற்சியைவிட மருந்து நன்றாக வேலை செய்தது. ஆனால் அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குப் பதற்றமும் இருந்தது, அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் நடத்தைப் பயிற்சியே கிட்டத்தட்ட மருந்துக்கு இணையான பலன் தந்தது. எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. பதற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரையோடு ஆரம்பித்து மாத்திரையோடு நிறுத்திவிடுவது சரியல்ல. பதற்றத்துக்கென்றே 7 முதல் 17 வயது வரை 488 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வு 2008ல் வந்தது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கும், பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ரலின் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 55 விழுக்காட்டினருக்கும், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 விழுக்காட்டினருக்கும் நல்ல முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24 விழுக்காடுதான்.

மெதில்ஃபெனிடேட் போன்ற ஏடிஹெச்டி மருந்தால் பதற்றம் கூடுமா என்றால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015ல் வந்த அலசலில் சராசரியாகக் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருந்தது. சராசரிதான். சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் பசியின்மையும் வரும், அதனால்தான் குறைந்த அளவில் தொடங்கிக் கவனிப்பார்கள்.

கிளமெண்டி_கயல்:
அக்கா, நான் பாலிடெக்னிக் மாணவி, எனக்கு இரண்டுமே இருக்கிறது. பள்ளியில் ஓடியாடித் தொந்தரவு செய்யும் பையன்களைத்தான் கவனித்தார்கள், அமைதியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யாரும் சந்தேகப்படவில்லை. "புத்தி இருக்கு, பொறுப்பு இல்லை" என்று கேட்டுக் கேட்டு நானே அதை நம்பிவிட்டேன். உங்கள் ஆலோசகர் அமைதியான பிள்ளையைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நான் போனது ஆர்ச்சர்டில் இருக்கும், இளையர்களின் மனநலத்தை மதிப்பிடும் சாட் மையத்துக்கு, மதிப்பீடு இலவசம், ஆனால் அது 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்குத்தான், இன்னும் 16 ஆகாத உங்கள் மகளுக்கு ஆகாது. அவளிடம் பேசும்போது "உனக்கு என்ன குறை" என்று ஆரம்பிக்காதீர்கள், "உனக்கு எது கஷ்டமாக இருக்கு" என்று கேளுங்கள். இங்கே பதற்றப்படுகிறவள் அவள் ஒருத்தி மட்டும் இல்லை என்றும் சொல்லுங்கள், மனநலக் கழகம் 2024ல் வெளியிட்ட தேசிய இளையர் ஆய்வில் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் கடுமையான பதற்ற அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

டீச்சர்_மாலதி:
நான் உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்கிறேன். முதலில் தொடக்கநிலை அறிக்கைப் புத்தகங்களைத் தேடி எடுங்கள். ஆசிரியர்கள் எழுதிய அந்த ஒரு வரிக் குறிப்புகளுக்கு மருத்துவரிடம் பெரிய மதிப்பு உண்டு, குமரன் தம்பி சொன்ன 12 வயதுக் கேள்விக்கு நம் ஞாபகத்தைவிட அது நம்பகமான பதில். அப்புறம் மாணவர்களின் மனநலத்துக்கு உதவும் ரீச் குழுவின் உதவி கிடைக்குமா என்று பள்ளி ஆலோசகரிடமே கேளுங்கள், மனநலக் கழகத்தோடு சேர்ந்த அந்தக் குழு 2007லிருந்து பள்ளிகளோடு வேலை செய்கிறது. கேகே மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை வழியும் இருக்கிறது, அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கிப் போனால் மானியம் கிடைக்கும். அறிக்கை கையில் இருந்தால் தேசியத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி விண்ணப்பிக்கலாம்.

கைப்பேசி பற்றி உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸில் 15, 16 வயது மாணவர்கள் 2,587 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2018ல் வந்தது, கைப்பேசி, கணினி வழியாக டிஜிட்டல் ஊடகங்களை அதிகம் பயன்படுத்தியவர்களிடம் பின்னால் ஏடிஹெச்டி அறிகுறிகள் சற்று அதிகம் தென்பட்டன. ஆனால் தொடர்பு சிறியது, அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இரவில் கைப்பேசியை அறைக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள், தூக்கத்துக்காவது நல்லது.

வேலை பற்றிய பயத்துக்கு: வேலை விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்று 2020லேயே, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டியில் சேர்த்துவிட்டார்கள், 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்திலும் மனநலம் இருக்கிறது. காப்புறுதி எடுக்கும்போது மட்டும் மருத்துவ வரலாறு கேட்பார்கள், அங்கே மறைக்கக் கூடாது.

ஈசூன்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அறிக்கைப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். தொடக்கநிலை மூன்றிலேயே "அடிக்கடி பகற்கனவு காண்கிறாள்" என்று இருக்கிறது, இத்தனை வருடம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை ஆலோசகரைப் பார்க்கப் போகிறோம், கணவரும் வருகிறார். மருத்துவரைப் பார்க்கத் தேதி கிடைக்கும்வரை நாங்கள் என்ன செய்யலாம்?

பொங்கோல்_குமரன்:
வீட்டுப்பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கிக் கொடுங்கள், ஒரு துண்டு முடிந்ததும் எழுந்து நடக்கட்டும். "ஃபெயிலானால் என்ன ஆகும்" என்று கேட்டால் "அதெல்லாம் ஆகமாட்டே" என்று உடனே ஆறுதல் சொல்லி முடிக்காமல், அப்படி ஆனால் என்ன செய்வாள் என்று அவளையே சொல்ல விடுங்கள், பதிலை எழுதி வைக்கட்டும். எந்த நாளில் வயிறு வலிக்கிறது, எந்த நாளில் கவனம் நன்றாக இருந்தது என்று நீங்களும் குறித்து வையுங்கள், அதை மருத்துவரிடம் காட்டலாம். நிலைமை கைமீறுவது போல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், தேசிய மனநல உதவி எண்ணான 1771க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.