ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி ஊருக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். ஜூலையில் அப்பாவை அழைத்துக்கொண்டு அடிலெய்டிலிருந்து கூபர் பீடிக்குக் காரில் போகிறோம், வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். 1915இல் ஓப்பல் என்னும் ரத்தினக்கல் கிடைத்து உருவான ஊர். வெயில் தாங்காமல் பலர் பாறையைக் குடைந்து உள்ளேயே குடியிருக்கிறார்கள். அப்பா கிணறு வெட்டியவர். அந்தச் சுவர்களில் இயந்திரம் கீறிய வளைவுத் தடங்களைப் படத்தில் பார்த்ததிலிருந்து, தொட்டுப் பார்த்தே ஆகணும் என்கிறார்.

புல்லே இல்லாத கோல்ஃப் மைதானத்தையும் பார்ப்போம். நிலத்தடி செர்பியத் தேவாலயம்தான் யோசனையாக இருக்கிறது, அவருக்கு முழங்கால் வலி. இறங்கப் படிகள் அதிகமா? பொதுமக்கள் ஓப்பல் பொறுக்கும் மண்மேட்டில் உட்கார்ந்தபடியே தேட முடியுமா? அப்புறம், மூடாத சுரங்கக் குழிகளுக்கு எந்தப் பக்கம் கவனமாக இருக்கணும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.